டாக்டரைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால்

சுகருக்காகக் குடும்ப டாக்டரிடம் போகிறவர்களில் பலர் கையில் ஒரே ஒரு தாள்தான் இருக்கும்: லேப் ரிப்போர்ட். வெறும் வயிற்றில் ஒரு எண், சாப்பிட்ட பிறகு ஒரு எண், எடுத்திருந்தால் மூன்று மாத சராசரி. டாக்டர் பார்ப்பார். கூடியிருந்தால் சீட்டில் ஒரு மாத்திரை கூடும். இல்லையென்றால் "இதையே சாப்பிடுங்க." அவ்வளவுதான், அடுத்தவர் உள்ளே போய்விடுவார்.

டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? எண் கூடியது தெரிகிறது, ஏன் கூடியது என்று தெரியவில்லை. ராத்திரி மாத்திரை வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போயிருக்கலாம். மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கலாம். ஒரே இடத்தில் இன்சுலின் குத்திக் குத்திச் சதை தடித்து, மருந்து சரியாக ஏறாமல் இருக்கலாம். அல்லது உண்மையிலேயே மருந்து போதாமல் போயிருக்கலாம். நாலுக்கும் ரிப்போர்ட்டில் வரும் எண் ஒன்றுதான், ஆனால் வைத்தியம் நாலு விதம். எது என்று சொல்லக்கூடிய தகவல் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதை டாக்டர் ஒரு நிமிடத்தில் படிக்கிற மாதிரி கொண்டுபோவது எப்படி என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

லேப்: எப்போது, எப்படி

ரத்தப் பரிசோதனையை டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அன்று காலை ரத்தம் கொடுத்துவிட்டு மதியம் டாக்டரைப் பார்த்தால் பாதி ரிப்போர்ட் வந்திருக்காது. "வந்ததும் பார்க்கலாம்" என்று முடிவு தள்ளிப்போகும், பிறகு யாரும் பார்க்கமாட்டார்கள்.

மூன்று மாத சராசரி காட்டும் ஏ1சி டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. சிவப்பணுவில் சர்க்கரை ஒட்டியிருக்கும் அளவைத்தான் அது பார்க்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு என்றாலும் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் ஏறக்குறைய பாதி. அதனால் டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் கடும் பத்தியம் இருந்தால் வெறும் வயிற்றுச் சுகர் அழகாக வரும், ஏ1சி காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட மோசம், ஏ1சி எடுக்காமல் அந்த அழகான எண்ணை மட்டும் டாக்டரிடம் காட்டுவது. பரீட்சைக்குப் படிப்பதுபோல டெஸ்ட்டுக்குத் தயாராவதில் நஷ்டம் உங்களுக்குத்தான். தேவைப்படும் மருந்து மூன்று மாதம் தள்ளிப்போகும்.

ஏ1சியைத் தினசரி எண்ணாக மாற்றிப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. 6 சதவீதம் என்றால் சராசரி 126 மி.கி., 7 என்றால் 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. வீட்டு மீட்டரின் சராசரி 140 என்று இருக்க, ஏ1சி 9 வந்தால் ஏதோ இடிக்கிறது. பெரும்பாலும் காரணம் எளிது: காலையில் மட்டும் பார்த்திருப்பீர்கள், சாப்பிட்ட பிறகு ஏறுவது மீட்டருக்குத் தெரியவே தெரியாது. அப்படி இல்லையென்றால் மீட்டரிலோ ரத்தத்திலோ கோளாறு இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை ஏ1சியைக் கூட்டிக் காட்டும். அண்மையில் ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றியது, டயாலிசிஸ், சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய்கள் எல்லாம் பொதுவாகக் குறைத்துக் காட்டும். இதில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம். பதினாலு மணி நேரம் பட்டினி கிடந்தால் இன்னும் "சுத்தமாக" வரும் என்று நினைப்பது தவறு. இன்சுலினோ கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு அது ஆபத்தும்கூட. லேப் வரிசையில் நிற்கும்போதே சுகர் இறங்கிவிடும்.

அன்றைக்கு மருந்தை என்ன செய்வது? இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள். உணவோடு எடுக்கும் மாத்திரையையும், உணவுக்கு முன் போடும் வேக இன்சுலினையும் ரத்தம் கொடுக்கும்வரை தள்ளிவைத்து, கொடுத்த பிறகு உணவோடு எடுப்பதுதான் பொது வழக்கம். 24 மணி நேரம் வேலை செய்யும் நீள இன்சுலினை அதற்காக நிறுத்துவதில்லை. உங்கள் மருந்துக்கு எப்படி என்று டாக்டரிடம் ஒரு முறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அது உதவும். நிறையப் பேர் செய்யும் தவறு இது: ரத்தம் கொடுத்துவிட்டு, மாத்திரை போடாமலே சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுப்பது. 260 என்று வரும். அது மருந்து இல்லாத உங்கள் சுகர். மருந்து போதுமா போதாதா என்பதற்கு அதில் பதிலே கிடையாது. ஆனால் அதைப் பார்த்து டோஸ் கூடிவிடும். சாப்பிட்ட பின் எடுக்கும் டெஸ்ட் என்றால் வழக்கமான மருந்து, வழக்கமான சாப்பாடு, முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம். சாப்பிட்டு முடித்ததிலிருந்து அல்ல.

சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்ப்பது வருடத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டியது. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சரி. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் இவை எல்லாம் அதைக் கூட்டிக் காட்டும். அப்படி ஒரு நாளில் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஒரு முறை கூடுதலாக வந்ததை வைத்து "கிட்னி போச்சு" என்று யாரும் முடிவு செய்வதில்லை. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் கூடுதலாக இருந்தால்தான் கணக்கு. அதோடு ரத்தத்தில் கிரியாட்டினினும், அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆரும் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) வேண்டும். மெட்ஃபார்மின் உட்படப் பல மருந்துகளின் டோஸ் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகிறது. 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது.

ஒரு ரிப்போர்ட்டைத் தனியாகக் கொண்டுபோவதைவிடக் கடைசி மூன்று ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் கொண்டுபோவது பல மடங்கு பயன் தரும். கிரியாட்டினின் 1.3 என்பது ஒரு எண். 0.9, 1.1, 1.3 என்று வரிசையாக ஏறியிருந்தால் அது வேறு செய்தி.

மூன்று நாள் தாள்

என் அபிப்பிராயத்தில் மொத்தத் தயாரிப்பிலும் மதிப்பு கூடியது இதுதான். மூன்று மாதமாக தினமும் காலையில் எடுத்த தொண்ணூறு எண்களைவிட, டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் அடுத்தடுத்த மூன்று நாள், நாளுக்கு ஏழு முறை எடுத்த இருபத்தோரு எண்கள் அதிகம் பேசும். மூன்று வேளை உணவுக்கும் முன்னால் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, படுக்கும்போது ஒன்று. ஸ்ட்ரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியிருந்தால் ஒரு நாளைக்கு ஒரு வேளை உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். நாளைக்கு வேறு வேளை. ஜோடியாக இல்லாத எண்ணுக்கு மதிப்பு குறைவு. சாப்பிட்ட பின் 210 என்றால், சாப்பிடும் முன் 190 இருந்ததா 110 இருந்ததா என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

உதாரணத்துக்கு ஏ1சி 7.6 உள்ள ஒருவரின் ஒரு நாள் தாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

காலை எழுந்ததும் 118. காலை உணவுக்குப் பின் 164.
மதியம் முன் 126, பின் 171.
இரவு முன் 132, பின் 241.
படுக்கும்போது 218.
குறிப்பு: இரவு உணவு 9.40க்கு. மாத்திரை எல்லாம் எடுத்தாயிற்று. நடை போகவில்லை.

மற்ற இரண்டு நாளும் ஏறக்குறைய இதே மாதிரி. இப்போது படியுங்கள். காலையிலும் மதியமும் உணவு ஏற்றியது 45 புள்ளி அளவுதான். இரவில் மட்டும் 109. படுக்கும்போது 218 இருந்தது விடியற்காலையில் 118 ஆகியிருக்கிறது, அதாவது ராத்திரி முழுக்க நூறு புள்ளி இறங்கியிருக்கிறது. ஏ1சியையும் படுக்கும் நேரத்து எண்ணையும் மட்டும் பார்த்தால் ராத்திரி நீள இன்சுலினைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் விடியற்காலை மூன்று மணிக்கு 60க்கு இறங்கும் அபாயம் உண்டு. ஏனென்றால் ராத்திரி இறக்கத்தில் குறையே இல்லை, கோளாறு ஒரே ஒரு உணவில்தான் இருக்கிறது. அந்த உணவின் அளவு, நேரம், அல்லது அந்த வேளைக்கான மருந்து என்று பேச்சு சரியான இடத்துக்கு வந்துவிடும். ஒரு மாத்திரைகூடக் கூடாமலே தீர வாய்ப்பிருக்கிறது.

இதற்கு எதிர்மாறான தாளும் உண்டு. படுக்கும்போது 142, எழும்போது 188. ராத்திரியில் சாப்பிடவில்லை, ஆனாலும் ஏறியிருக்கிறது. அப்படி இருந்தால் டாக்டரிடம் போகுமுன் இரண்டு ராத்திரி மட்டும் அலாரம் வைத்து மூன்று மணிக்கு ஒரு முறை பாருங்கள். 150 இருந்து அதன்பின் ஏறுகிறது என்றால் விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களின் வேலை. 62 என்று இருந்தால் ராத்திரி மருந்து கூடுதலாக இருக்கிறது, கூட்டினால் விபரீதம். அந்த ஒரு எண் இல்லாமல் டாக்டர் இருட்டில்தான் டோஸ் போடுவார்.

தாளில் எண்ணோடு குறிப்பும் அவசியம் வேண்டும். மூன்று வார்த்தை போதும்: "மாத்திரை மறந்தது", "காய்ச்சல்", "தூக்கம் இல்லை", "வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டது". 180க்கு மேலும் 70க்குக் கீழும் வந்த எண்களை மட்டும் வேறு நிறத்தில் வட்டமிட்டுக் கொடுத்தால் டாக்டரின் கண் நேராக அங்கே போகும். உணவுக்கு முன் 80 முதல் 130 வரை, உணவுக்குப் பின் 180க்குக் கீழ் என்பது பெரியவர்களுக்கான பொது இலக்கு. உங்கள் இலக்கு வேறாக இருக்கலாம். வயதானவர்களுக்கும், சுகர் அடிக்கடி இறங்குகிறவர்களுக்கும் இலக்கைக் கொஞ்சம் தளர்த்தித்தான் வைப்பார்கள், கர்ப்பிணிகளுக்கு இறுக்கிப் பிடிப்பார்கள். "என் இலக்கு என்ன?" என்று ஒரு முறையாவது கேட்டு வாங்கி, தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மீட்டர் மில்லிமோலில் காட்டினால் 18ஆல் பெருக்குங்கள், மில்லிகிராம் வந்துவிடும்.

தாளைத் திருத்தி எழுதாதீர்கள். நல்ல பெயர் வாங்க 230ஐ 180 ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அனுபவமுள்ள டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிடும், மீட்டரின் நினைவகத்தைப் பார்த்தால் தெரிந்தும்விடும். அதனால் மீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். அதற்கு முன் அதன் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகு நேரத்தைச் சரிசெய்யாத மீட்டரில் காலை எண் மாலை எண்ணாகத்தான் நிற்கும்.

மீட்டரே தவறாகக் காட்டினால்

தரமான மீட்டருக்கு இருக்கும் அனுமதி, 100 மி.கிக்கு மேல் லேபை ஒட்டி 15 சதவீதம் கூடவோ குறையவோ, 100க்குக் கீழ் 15 புள்ளி. அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை. அதனால் லேபில் 168, வீட்டில் 150 என்றால் மீட்டரில் கோளாறு இல்லை. லேபில் 168, வீட்டில் 115 என்றால் இருக்கிறது. சோதித்துப் பார்க்கச் சரியான நேரம், வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுக்கும் அதே ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பார்ப்பது. சாப்பிட்ட பிறகு ஒப்பிட்டால் குழப்பம்தான், அப்போது விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை, லேபில் கையிலிருந்து எடுக்கும் சிரை ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

தப்பாக வருவதற்கு அடிக்கடி நடக்கும் காரணங்கள் சில்லறைக் காரணங்கள்தான். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்துவது (இதனால் எண் நூறு புள்ளிக்கு மேல்கூட எகிறலாம்). கழுவிவிட்டு ஈரம் துடைக்காமல் குத்துவது, ரத்தம் நீர்த்துக் குறைவாகக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைப்பது, காலாவதியான ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்துவது. சொட்டு வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழிவது. விரல் நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்கள். வலியும் குறையும்.

உடம்பில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுகரைப் பார்க்கும் சென்சார் போட்டிருப்பவர்களுக்கு மூன்று நாள் தாள் தேவைப்படாது. பதினாலு நாள் ரிப்போர்ட்டை முதல் நாளே அச்செடுத்தோ, போனில் திறந்து வைத்தோ கொண்டுபோங்கள். அந்தப் பதினாலு நாளில் 70 சதவீத நேரமாவது சென்சார் வேலை செய்திருக்க வேண்டும். டாக்டர் முதலில் பார்ப்பது, 70 முதல் 180க்குள் எத்தனை சதவீத நேரம் (70க்கு மேல் இருந்தால் நல்லது), 70க்குக் கீழ் எத்தனை (4ஐத் தாண்டக் கூடாது). வைட்டமின் சி அதிக அளவில் எடுத்தால் சில சென்சார்களும், பாராசிட்டமால் அதிகம் எடுத்தால் வேறு சிலவும் கூட்டிக் காட்டும். உங்கள் சென்சாரின் கையேட்டில் அது இருக்கும்.

சுகர் இறங்கியதை மறைக்காதீர்கள்

கூடிய சுகரைச் சொல்வதற்கு யாரும் தயங்குவதில்லை. இறங்கியதைத்தான் "அது ஒண்ணுமில்லை, இனிப்பு சாப்பிட்டதும் சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். டாக்டருக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டும். மருந்தைக் கூட்டலாமா என்று முடிவு செய்வதே இதை வைத்துத்தான். ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: என்ன நேரம், எண் எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது (உணவு தள்ளிப்போனதா, அதிகம் நடந்தீர்களா, மது உண்டா), சரிசெய்ய என்ன எடுத்தீர்கள், எவ்வளவு நேரமாயிற்று. 54க்குக் கீழ் போனதென்றால் அடிக்கோடு போடுங்கள். மற்றவர் உதவி தேவைப்பட்டிருந்தால் இரண்டு கோடு.

ராத்திரி இறங்கினால் தூக்கத்திலேயே கடந்துவிடும். தலையணை நனையும் வியர்வை, கெட்ட கனவு, எழும்போது தலைவலி, இவை அடிக்கடி வந்தால் எழுதுங்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்குக் கை நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். அறிகுறியே தெரியாமல் இறங்குகிறது என்றால் அதை முதல் வரியில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சுகர் இறங்கும்போது சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் சர்க்கரையை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸாகவே 15 கிராம் எடுக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதை யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் கேளுங்கள்.

மருந்துப் பை

பட்டியல் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவதே நல்லது. அட்டையோடு, டப்பாவோடு. காரணம், ஒரே மருந்து வேறு வேறு பெயரில் இருக்கும். கூட்டு மாத்திரை ஒன்றில் மெட்ஃபார்மின் இருக்கும், தனியாகவும் ஒரு மெட்ஃபார்மின் ஓடிக்கொண்டிருக்கும். வேறு டாக்டர் கொடுத்த சீட்டிலிருந்து வந்திருக்கும். பெயரைப் படித்தால் தெரியாது, அட்டையின் பின்புறம் மருந்தின் வேதிப்பெயரைப் பார்த்தால்தான் தெரியும்.

பையில் சுகர் மருந்து மட்டும் போதாது. வலி மாத்திரை (சிறுநீரகத்துக்காக), ஸ்டீராய்டு எந்த வடிவிலும் (மூட்டில் போட்ட ஊசிகூடச் சில நாள் சுகரை ஏற்றும்), மூலிகைப் பொடி, சத்து மாத்திரை எல்லாம் வரட்டும். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் எடுப்பவர்கள் சொல்ல வேண்டும், அது தைராய்டு டெஸ்ட்டைக் குழப்பும்.

ஒவ்வொரு மாத்திரைக்கும் சீட்டில் எழுதியிருப்பதையல்ல, நீங்கள் உண்மையில் எடுப்பதைச் சொல்லுங்கள். "வாரத்தில் இரண்டு மூன்று முறை ராத்திரி மாத்திரை விட்டுப்போகிறது" என்பது குற்ற ஒப்புதல் அல்ல. டாக்டருக்கு அது மிக உபயோகமான வாக்கியம். விட்டுப்போவதற்கான காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் தீர்வும் வரும். வயிற்றுப்போக்கா? மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் உண்டு. செலவா? அதே வேலையைச் செய்யும் விலை குறைந்த மருந்து பல நேரம் உண்டு. மலத்தில் மாத்திரை முழுசாக வந்தது என்று நிறுத்திவிட்டீர்களா? மெதுவாகக் கரையும் மாத்திரையில் மருந்து உள்ளே போய்விடும், வெளியே வருவது வெறும் கூடு.

பல வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அது குறைந்தாலும் கால் எரியும், சுகரால் நரம்பு கெட்டாலும் கால் எரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நரம்பு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பது வீண்.

இன்சுலின் போடுகிறவர்கள் பேனாவையோ ஊசியையோ, குப்பியையோ அப்படியே கொண்டுபோங்கள். போடும் இடத்தைக் காட்டுங்கள், விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் போல் தடித்திருந்தால் அங்கே போடும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. ஒழுங்கே இல்லாமல் ஏறி இறங்கும் சுகருக்கு இது மிகச் சாதாரணமான காரணம், ஆனால் சட்டையைத் தூக்காமல் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் அகலமாவது தள்ள வேண்டும். தடித்த இடத்தை விட்டுப் புது இடத்துக்கு மாறும்போது அதே டோஸ் திடீரென்று வேகமாக ஏறும், அதனால் மாறும் நாளிலிருந்தே டோஸைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு மாறுங்கள்.

குப்பியும் ஊசியும் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூ-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) குப்பிக்கு யூ-40 ஊசி, யூ-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்) குப்பிக்கு யூ-100 ஊசி. மாறிவிட்டால் கணக்கு பயங்கரம்: யூ-100 மருந்தை யூ-40 ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். திருப்பி மாறினால், 20 என்று நினைத்துப் போட்டது 8 யூனிட்தான். இரண்டையும் சேர்த்து டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டி, அவர்கள் கண்முன்னால் ஒரு டோஸ் இழுத்துக் காட்டுங்கள்.

உள்ளே போனதும்

1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகள் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார். ஆகவே முதல் வாக்கியத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். "இன்னைக்கு எனக்கு மூணு விஷயம் இருக்கு டாக்டர்: வாரம் ஒரு தடவை விடியற்காலை சுகர் இறங்குது, வலது கால் கட்டைவிரல் மரத்துப்போச்சு, இந்த மாத்திரை வயித்துக்கு ஒத்துக்கல." பத்து நொடி. எதை முதலில் எடுப்பது என்று அவர் தீர்மானித்துக்கொள்வார். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்து, கதவைத் திறக்கும்போது "அப்புறம் டாக்டர், நெஞ்சுல ஒரு மாதிரி..." என்று சொல்வதுதான் எல்லா டாக்டருக்கும் பழகிப்போன காட்சி. தாம்பத்தியக் குறைபாடு, சிறுநீர் கசிவு, எதிலும் மனம் ஒட்டாமை, இந்த நோயே வெறுத்துப்போனது, இவை எல்லாம் சுகரோடு தொடர்புள்ளவை. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதி நீட்டுங்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு அரை மணி முன்பு காபி, புகை, வேக நடை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். படியேறி வந்த மூச்சோடு எடுத்த பிரஷருக்கு மாத்திரை எழுதுவது அநியாயம்.

கூப்பிடுவதற்கு முன்பே செருப்பு, சாக்ஸ் இரண்டையும் கழற்றிவிடுங்கள். வெறும் காலைப் பார்த்தால் டாக்டருக்கே ஞாபகம் வரும். பத்து கிராம் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி பார்ப்பதும், நாடித்துடிப்பு பார்ப்பதும் இரண்டு நிமிட வேலை. வருடம் ஒரு முறையாவது நடக்க வேண்டும். கண்ணில் மருந்து விட்டு விழித்திரை பார்த்த தேதி, பல் டாக்டரைப் பார்த்த தேதி, ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசித் தேதி மூன்றையும் ஒரே சீட்டில் எழுதி வைத்திருந்தால் கேட்டதும் நீட்டலாம்.

எழுந்திருப்பதற்கு முன், டாக்டர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். "அப்போ ராத்திரி இன்சுலின் 18லிருந்து 16, காலை மாத்திரை அப்படியே, மூணு வாரம் கழிச்சு எண்ணை அனுப்பறேன், சரிதானே?" தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார். புது மருந்து வந்தால், பழையது ஏதாவது நிற்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். நிறுத்தச் சொன்னதையும் சேர்த்து விழுங்குவது சர்வ சாதாரணம். கடைசியாக, வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாளில் எந்த மருந்தை நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது என்று எழுதி வாங்குங்கள். மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையையும் பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயில் இன்சுலினை ஒருபோதும் முழுசாக நிறுத்தக் கூடாது.

சிலவற்றுக்கு அடுத்த தேதிவரை காத்திருக்கவே கூடாது. காலில் புண், நிறமாற்றம், வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாக வீங்குவது: அன்றைக்கே. திடீரென்று கண்ணில் பூச்சி பறப்பது, திரை விழுவது: அன்றைக்கே. சுகர் இறங்கி நினைவு தப்பியது: உடனே. சுகர் 300க்கு மேல் நின்று வாந்தியும் சேர்ந்தால் அவசரப் பிரிவுக்கு. மேலே சொன்ன கிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்களுக்கு வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் மீட்டர் 180 காட்டினாலும் போக வேண்டும், அவர்களுக்குச் சுகர் அதிகம் ஏறாமலே, ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறலாம். போகும்போது மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.